டாக்டரக்கா பார்த்த மாப்பிள்ளை

அமெரிக்காவில், பிரின்ஸ்டன் ஜங்ஷன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் டாக்டரக்காவை விருந்துக்குக் கூப்பிடுவதற்கு முன் ரொம்ப யோசிப்பார்கள். குறை சொல்லிவிடுவார் என்ற பயம் இல்லை. அவர் குறையே சொல்ல மாட்டார். நிறையும் சொல்ல மாட்டார். ஒரு பொங்கல் விருந்தில் சமைத்த அம்மாள் ஆசையோடு பக்கத்தில் வந்து நின்று, "பாயசம் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார். டாக்டரக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏலக்காய் போட்டிருக்கீங்க" என்றார். அந்த அம்மாள் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அர்த்தம் ஒன்றும் இல்லை. பாயசத்தில் ஏலக்காய் இருந்தது.

பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்து, "அப்பா ஜாடையா, அம்மா ஜாடையா?" என்று கேட்டால், "தூங்கறான்" என்பார். இந்தியன் ஸ்டோர் பார்க்கிங்கில் என் நண்பன் ஒருவனின் காரை இன்னொரு கார் இடித்துவிட்டது. டாக்டரக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். போலீஸ் வந்ததும் நண்பன் அவரிடம் ஓடி, "அக்கா, அவன் எவ்வளவு ஸ்பீடா வந்தான்னு நீங்களே சொல்லுங்க" என்றான். "நான் சத்தம் கேட்டுத்தான் திரும்புனேனுங்க" என்றார் அக்கா. நண்பன் அதற்குப் பிறகு ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. கவனித்திருந்தால், "பேசறதில்லை" என்று சொல்லியிருப்பார்.

அவருடைய மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ரிப்போர்ட் கார்டில் கணக்குக்கு 'பி' வாங்கி வந்தபோது மற்ற அம்மாக்களைப் போலத் திட்டுவார் என்று பயந்தாளாம். "அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் 'பி'ன்னு சொன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லை" என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னாள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், சிவில் இன்ஜினியர். மனைவியிடம் அவர் எந்த அபிப்பிராயமும் கேட்பதில்லை. அந்தக் குடும்பம் ஒழுங்காக நடந்ததற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வேலை அப்படி. ஒரு மருத்துவமனையில் பேதாலஜிஸ்ட். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். இல்லாததை எழுதினால் யாரோ ஒரு பெண்ணின் மார்பை அறுத்துவிடுவார்கள். இருப்பதை விட்டுவிட்டால் ஆளே போய்விடும். இதையே பகலெல்லாம் செய்துவிட்டு, சாயங்காலம் வந்து பாயசம் அமிர்தம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் எல்லாம் மாப்பிள்ளை விசாரித்தார்கள். அதற்கும் காரணம் உண்டு. ஊர்ப் பையன் என்றால் டீக்கடையில் ஒரு டீ குடித்தால் போதும், அவன் குடிப்பது, கடன் வாங்கியது, காதலித்தது எல்லாம் தெரிந்துவிடும். நியூஜெர்சியில் டீக்கடை கிடையாது. ஆகையால் பெண்ணைப் பெற்றவர்கள் தெரிந்தவருக்குத் தெரிந்தவரைப் பிடித்து, "ஒரு எட்டுப் போய்ப் பையனைப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று ஃபோன் செய்வார்கள். தொண்ணூறுகளில் அந்த ஃபோன்களில் பாதி டாக்டரக்கா வீட்டுக்குத்தான் வந்தன. பொய் சொல்ல மாட்டார் என்று பெயர்.

அந்தப் பெயரால் ஒரு கல்யாணம் நின்றுபோனது. எடிசனில் இருந்த ஒரு பையனை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, திருப்பூருக்குச் சொன்னார்: "வீடு சுத்தமா இருக்குதுங்க. காபி போட்டுக் குடுத்தார். பாத்ரூம்ல ரெண்டு டூத் பிரஷ் இருந்துச்சு. ரெண்டும் ஈரம்." திருப்பூரில் மறுநாளே வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அந்த இரண்டாவது பிரஷ், இன்டர்வியூவுக்காகச் சிகாகோவிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிய அவனுடைய மாமா பையனுடையது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெண் இன்னொருவர் வீட்டில் விளக்கேற்றிவிட்டாள். யாரோ இதை டாக்டரக்காவிடம் கோபமாகச் சொன்னபோது, "நான் பிரஷ்ஷைத்தான் பார்த்தேனுங்க" என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் யார் கேட்டாலும் மாப்பிள்ளை பார்க்கப் போகவில்லை.

மறுபடி போனது எனக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், என் மாமனாருக்காக. அப்போது அவர் என் மாமனார் இல்லை.

அந்தக் கார்த்திகையில் நான் லீவு போட்டு ஊருக்குப் போய் ஈரோட்டில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பெண்ணின் அப்பா மஞ்சள் மண்டி வைத்திருந்தார். எங்களைத் தனியாகப் பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அங்க ரொம்பக் குளிருங்களா?" நான், "ஜாக்கெட் போட்டா தெரியாதுங்க" என்றேன். இதைவிட நல்ல பதிலாக ஒன்று சொல்லியிருக்கலாம் என்று திரும்பி வரும்போது ஃப்ராங்க்ஃபர்ட் வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. அவள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கும் அளவுக்குப் பிடித்துவிட்டது.

மண்டிக்காரர், "விசாரிச்சுட்டுச் சொல்றோமுங்க" என்று அனுப்பிவிட்டார். டாலஸில் கிரீன் கார்டு வாங்கிய பையன் ஒருவனின் ஜாதகமும் அவர் மேஜையில் இருந்தது. நான் வெறும் எச்-ஒன் விசாக்காரன். அவர் டாக்டரக்காவின் அண்ணனோடு படித்தவர், முடியாது என்றால் விடுகிற ஆளும் இல்லை. மஞ்சள் கிழங்கை உடைத்துப் பார்த்து உடனே விலை சொல்கிறவர். மாப்பிள்ளை விசாரணையும் ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தார்.

டிசம்பரில் டாக்டரக்கா ஃபோன் செய்தார். "தம்பி, சனிக்கிழமை காலைல ஃப்ரீங்களா? கார்டனுக்கு வந்துருங்க."

நான் வீட்டைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். ரூம்மேட்டின் பீர் பாட்டில்களை அவன் கார் டிக்கிக்கு மாற்றி, அவன் டூத் பிரஷ்ஷை அவன் பெட்டிக்குள் வைத்து, விநாயகர் படத்தை ஹாலுக்குக் கொண்டுவந்திருந்தேன். அவர் என் வீட்டுப் பக்கமே கடைசி வரை வரவில்லை.

கார்டன் என்றால் பூந்தொட்டி வைத்த இடமில்லை. எந்தக் காலத்திலோ ஒரு பணக்காரர் வாங்கிப் போட்ட காடு. ஓக், பீச், ஹிக்கரி என்று வானத்தைத் தொடுகிற மரங்கள், நடுவே அவர் ஆசையாக நட்ட புதர்கள், ஒரு ஓடை. கோடையில் கூட்டம் வரும். குளிர்காலத்தில் டாக்டரக்கா மாதிரி சில வாலண்டியர்கள் மட்டும் வாராவாரம் சுற்றி வந்து, எந்தக் கிளை ஒடிந்தது, எந்தப் பட்டையை மான் கடித்தது, எந்த மொட்டு பெரிதானது என்று தோட்டப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவருக்கு டாக்டரக்காவை ரொம்பப் பிடிக்கும். உலகத்தில் டாக்டரக்காவின் பேச்சு முழுசாகப் பயன்பட்ட ஒரே இடம் அதுதான்.

இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். ஜாக்கெட்டுக்குள் அதை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அது அமெரிக்காவில் இரண்டாவது குளிர்காலம். முதலாவதை அபார்ட்மெண்ட் ஹீட்டருக்குப் பக்கத்திலேயே கழித்திருந்தேன். இலையில்லாத இத்தனை மரத்தை ஒன்றாகப் பார்த்ததும் யாரோ செத்த வீட்டுக்கு வந்ததுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். டாக்டரக்கா என் சம்பளத்தைக் கேட்கவில்லை. குடிப்பேனா என்று கேட்கவில்லை. ஒவ்வொரு மரத்துக்கு முன்னாலும் நின்றார், பார்த்தார், நடந்தார். ரோடோடெண்ட்ரான் புதர்களில் இலை எல்லாம் சுருட்டு மாதிரி சுருண்டு தொங்கியது.

"செத்துப்போச்சுங்களாக்கா?"

"சுருண்டிருக்குதுங்க."

அடுத்த வாரம் வெயில் அடித்தது. அதே இலைகள் விரிந்து, பச்சையாக, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தன. டாக்டரக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் அவரிடம் உண்டு.

வாராவாரம் போனேன். போகும்போதெல்லாம் கேட்டேன். "ஈரோட்டுக்கு ஃபோன் பண்ணுனீங்களாக்கா?"

"பண்ணுனேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"இன்னும் பார்த்துட்டிருக்கேன்னு."

தை பிறந்தும் அதே பதில்தான் வந்ததால் எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் ஒரு மக்னோலியாவின் மொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனைக்குட்டிக் காது மாதிரி மயிரடர்ந்த மொட்டு. அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, "முன்ன ஒருத்தரை ஒரே நாள் பார்த்துச் சொன்னேனுங்க. அது பத்தலை" என்றார். எடிசன் பையனைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. பயம் மட்டும் மிச்சம்.

அவரை அசத்த நானும் முயற்சி செய்தேன். லைப்ரரியில் மரப் புத்தகம் எடுத்துப் படித்தேன். பனிக்கு நடுவே விட்ச் ஹேசல் மஞ்சள் நூலைப் பிய்த்துப் போட்டதுபோல் பூத்திருந்தபோது, "ஆகா, விட்ச் ஹேசல்!" என்று அவருக்கு முன்னால் கூவினேன். "ஆமாங்க" என்றார். அந்த உற்சாகத்தில் தூரத்தில் தெரிந்த ஒன்றைக் காட்டி, "அது ஷாக்பார்க் ஹிக்கரி" என்றேன். கிட்டப் போனதும், "மேப்பிள்" என்றார். அதன் பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரியில்தான் அந்தக் காரியம் நடந்தது.

தோட்டத்தில் ஒரு பழைய பீச் மரம் இருந்ததாம், நான் வருவதற்கு முன்னாலேயே புயலில் விழுந்துவிட்டது. அதன் விதையிலிருந்து பொறுப்பாளர் அம்மாள் ஒரே ஒரு கன்றைப் பிழைக்க வைத்திருந்தார். என் உயரத்துக்கு வளர்ந்து பாதையோரம் நின்றது. மற்ற மரங்கள் எல்லாம் மொட்டையாக இருக்க, இது மட்டும் வெளுத்துக் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் காகிதம் மாதிரி சலசலத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வாசல் செம்பருத்தியில் ஒரு காய்ந்த இலை தொங்கினால் வருகிறவர் போகிறவர் எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். விருந்தாளியாக வந்தவரும் கிள்ளுவார். அப்படிக் கிள்ளாத வீட்டில் பெண் எடுக்க யோசிப்பவர்களும் உண்டு.

அன்று ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். சும்மா நிற்பானேன் என்று ஆரம்பித்தேன். இலைகள் லேசில் வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு இழுத்தேன். உள்ளே இருந்த கிளைகளை வளைத்துப் பிடித்து இழுத்தேன். டாக்டரக்கா வரும்போது மரம் வழித்து எடுத்தாற்போல் சுத்தமாக இருந்தது, கீழே ஒரு குவியல்.

"இலையைக் காணோமுங்க" என்றார்.

"நான்தானுங்கக்கா. எல்லாம் காஞ்சு தொங்கிட்டிருந்துச்சு. நல்லா க்ளீன் பண்ணிட்டேன்."

அவர் மரத்தைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருக்கிற துணுக்குக்கு உணர்ச்சி இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

"இது இலையை விடாதுங்க தம்பி. வசந்தம் வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்கும். புது மொட்டு தள்ளும்போதுதான் பழசு விழும்." அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு இது. பிறகு குனிந்து குவியலிலிருந்து கொஞ்சம் அள்ளினார். இலைகளோடு, ஊசிபோல் நீண்ட பழுப்பு நிற மொட்டுகளும் இருந்தன. "மொட்டும் வந்திருக்குது."

நேராகப் போய்ப் பொறுப்பாளர் அம்மாளிடம் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் ஓடி வந்து மரத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. அமெரிக்கர்கள் நம்மைக் கிளம்பச் சொல்வதற்குப் பதிலாகச் சிரிப்பார்களே, அதைச் சிரித்தார். மரம் பிழைக்குமா என்று டாக்டரக்காவிடம் கேட்டார். ஏப்ரல் கடைசியில் தெரியும் என்றார் அக்கா.

கார் நிறுத்திய இடத்தில் கேட்டேன். "இதை ஈரோட்டுக்குச் சொல்லுவீங்களாக்கா?"

"பார்த்தேனுங்களே" என்றார், வருத்தமாகத்தான்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் போனேன். அதுவரை பெண்ணுக்காகப் போனவன், அதன் பிறகு மரத்துக்காகவும் போனேன். பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றலாம் என்றால் தரை கல்லாக உறைந்திருந்தது. "யூரியா போடலாங்களாக்கா?" என்று கேட்டேன். "வேண்டாமுங்க" என்றார். மார்ச்சில் பனி உருகியது. மற்றப் புதர்களில் மொட்டுகள் பருத்தன. என் மரத்தில் தப்பித்த சில மொட்டுகள் மூடியது மூடியபடியே இருந்தன. உள்ளே உயிர் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, தோட்டத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்குக் காபிக்குப் போனோம். அக்கா இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. கையெல்லாம் மாவு என்பதால் முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினார். மண்டிக்காரர் குரல் சமையலறையை நிறைத்தது.

"அம்மா, நாளைக்கு டாலஸ்காரங்க வீட்டுல இருந்து வாராங்க. இதுக்கு மேல தாங்காதுங்க. நம்ம பையன் எப்படீன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க."

நான் நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தபடியே பேசினார்.

"டிசம்பர்ல இருந்து பார்க்கிறேனுங்க. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துருவார். குளிர் தாங்க மாட்டார். தெரியாத மரத்துக்கும் பேர் சொல்லுவார். போன மாசம் ஒரு கன்னு மரத்தோட இலையெல்லாம் பிச்சுப் போட்டுட்டார். மொட்டோட."

"ஏனுங்க?" என்றார் மண்டிக்காரர்.

"சுத்தம் பண்ணுனாராமா. கேட்டதும் நான்தான்னு சொல்லிட்டார். அப்புறம் வாராவாரம் வந்து அதுகிட்டவே நிக்கறார்."

"அப்படீன்னா நல்ல பையன்கறீங்களா, இல்லீங்கறீங்களா?"

"அது என் கண்ணுல படலீங்க."

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. டாலஸ்காரன் எப்படி இருப்பான் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். உயரமாக இருப்பான். எந்தச் செடியையும் தொட்டிருக்க மாட்டான். அப்போது அந்தப் பக்கம் ஏதோ பேச்சு, ரிசீவர் கை மாறுகிற சத்தம். மொட்டை மாடியில் கேட்டதோடு சரி, நான்கு மாதமாக நான் கேட்காத குரல்.

"அக்கா, நான்தானுங்க பேசறேன். அந்த மரம் பொழைச்சுக்குங்களா?"

டாக்டரக்காவின் கை மாவுப் பாத்திரத்துக்குள் நின்றுவிட்டது. அன்று காலையில்தான் இருவரும் பார்த்திருந்தோம். ஒரு மொட்டும் அசைந்திருக்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், 'தெரியலீங்க, ஏப்ரல்ல பார்த்துச் சொல்றேன்' என்பார். டாலஸ்காரர்களோ நாளைக்கே வருகிறார்கள்.

"பொழைச்சுக்கும் அம்மிணி" என்றார் டாக்டரக்கா.

ஃபோன் வைத்த பிறகு அவர் ரொம்ப நேரம் மாவைக் கரைத்தார். மாவு எப்போதோ கரைந்துவிட்டது. "பார்க்காததைச் சொல்லிட்டேன்" என்றார், என்னிடம் இல்லை, பாத்திரத்திடம். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "உங்களுக்காகச் சொல்லலீங்க. அந்தப் புள்ளை எல்லாத்தையும் விட்டுப்போட்டு மரத்தைக் கேட்டுது" என்றார். முகம் கழுவிவிட்டு வந்து காபி கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நானும் சொல்லவில்லை.

டாலஸ்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் பிடிவாதம் பிடித்ததாகக் கேள்வி. கல்யாணத்தைச் சித்திரைக் கடைசியில், ஈரோட்டிலேயே வைத்தார்கள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டாக்டரக்காவுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து தினமும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தோட்டத்துக்கு வந்து அந்த மரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று பொறுப்பாளர் அம்மாள் சொன்னார். மழையிலும் வந்தாராம். அந்த வருடம் குளிர் போகவே மாட்டேன் என்றது. நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கடைசியாகப் போனபோது காட்டில் மற்ற பீச் மரங்களின் மொட்டுகள் நீண்டு பிளக்க ஆரம்பித்திருந்தன. இது மட்டும் அப்படியே நின்றது. அக்கா கொஞ்சம் இளைத்ததுபோல் தெரிந்தார். ஏர்போர்ட்டுக்கு அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வந்து போர்டைப் பார்த்துவிட்டு, "ஃப்ளைட் டைமுக்குப் போகுது, போர்டுல போட்டிருக்குது" என்றார்.

தாலி கட்டி முடித்து மேடையில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தோம். மண்டபத்து ஆபீஸ் ரூமில் பொண்ணுக்கு அமெரிக்காவிலிருந்து ஃபோன் என்று ஒருவர் ஓடி வந்தார். மாப்பிள்ளைக்கா என்று இரண்டு தடவை கேட்டார்கள். பொண்ணுக்குத்தான். மாலையும் கழுத்துமாக அவள் இறங்கிப் போனாள். பந்திக்குப் போகிற கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. நான் தனியாக நின்று கும்பிடு போட்டேன்.

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். போட்டோக்காரர் எங்களைச் சேர்ந்து நிற்கச் சொன்னார்.

"டாக்டரக்காங்க" என்றாள், உதட்டை அசைக்காமல். "கீழ்க்கிளை ரெண்டு போயிருச்சாமா. மேல பூராவும் இலை விட்டிருக்குதாமா. அங்க சாயந்தரம் பார்த்தாங்களாமா."

"வாழ்த்து ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லீங்க. அழுதாங்க. அப்புறம் வெச்சுட்டாங்க."

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். "யாராச்சும் மாப்பிள்ளைக்கு ஒரு கர்ச்சீப் குடுங்கப்பா" என்றார். அவள்தான் கொடுத்தாள்.